8 வாரக் குட்டி, 15 வாரச் சட்டம்

நாய்க்குட்டி வழக்கமாகக் கைமாறும் வயது 8 வாரம். அதற்குள் பால்குடி மறந்திருக்கும். தாயை விட்டுப் பிரிந்தாலும் இரண்டு நாள் முனகிவிட்டுத் தேறிக்கொள்ளும். புது வீட்டின் குரல்களும் வாடைகளும் அதன் மனத்தில் பதிவது அந்த நாள்களில்தான். ஏறத்தாழ 3ஆம் வாரத்தில் தொடங்கி 12, 14 வாரம் வரை நீளும் இந்தப் பழகும் பருவத்தை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வந்த தங்கள் நூலில் விரிவாக விளக்கினார்கள். நாய் வளர்ப்போருக்கு அது நூல் வருமுன்பே தெரியும். ‘குட்டியா வாங்கினாத்தான் நம்ம சொல்லுக்கு நிக்கும்’ என்பது ஊர்ப்பேச்சு.

அதே குட்டி ஒரு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் கணக்கு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகே ரேபிஸ் தடுப்பூசி போடலாம். போட்டபின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆகக் குறைந்தது 15 வாரம். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் 6 மாதத்துக்குக் குறைந்த எந்த நாயையும் உள்ளே விடுவதில்லை. வாங்குகிறவர் கேட்பது 8 வாரக் குட்டி. சட்டம் விடுவது 15 வாரக் குட்டி, அல்லது அரை வயது நாய். எல்லை தாண்டிய நாய்க்குட்டி வணிகத்தின் தில்லுமுல்லுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் முளைத்தது.

12 வாரம் என்பது அதிகாரி ஒருவர் மனம்போனபடி எழுதிய எண் அல்ல. குட்டி சீம்பாலோடு தாயின் எதிர்ப்புச் சக்தியையும் குடித்துவிடுகிறது. அந்தச் சக்தி உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை நோய்க்கிருமி என்றே எண்ணி அழித்துவிடும். குட்டி தானாக எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளாது. தாய் கொடுத்தது தீர்ந்து, ஊசி வேலை செய்யத் தொடங்கும் வயதுதான் அந்த 12 வாரம். ரேபிஸுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கடிபட்ட நாய்க்கு நோய் வெளிப்பட வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை அது துள்ளி விளையாடும். பிரிட்டன் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் வெளிநாட்டு நாய்களை 6 மாதம் தனிக்கொட்டிலில் அடைத்து வைத்ததற்குக் காரணம் இதுதான். 2000 பிப்ரவரியில் செல்லப்பிராணிப் பயணத் திட்டம் வந்தபோது கொட்டிலின் இடத்தை ஊசியும், ரத்தப் பரிசோதனையும், தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் பிடித்தன. பூட்டை நம்பிய காவல் காகிதத்தை நம்பத் தொடங்கிய நாள் அது.

நாய்கள் எல்லை தாண்டி விலைபோவது புதிதல்ல. ஒரு காலத்தில் சரக்கு இந்தியாவிலிருந்து வெளியே போனது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோட்டஸ், பாபிலோனின் பாரசீக ஆளுநர் ஒருவர் இந்திய நாய்களை எவ்வளவு வைத்திருந்தார் என்பதற்கு ஒரு கணக்கு தருகிறார்: அவற்றுக்குத் தீனி போடுவதற்கென்றே 4 பெரிய ஊர்களுக்கு மற்ற வரிகள் எல்லாம் தள்ளுபடி. கி.மு. 3ஆம் நூற்றாண்டு எகிப்தில் இரண்டாம் தாலமியின் நிதி அமைச்சரிடம் வேலை பார்த்த ஜெனோன் என்பவரிடம் டாரோன் என்றொரு இந்திய வேட்டை நாய் இருந்தது. எசமானைத் தாக்கவந்த காட்டுப்பன்றியைக் கொன்றுவிட்டுத் தானும் செத்த அந்த நாய்க்கு எழுதப்பட்ட இரண்டு கல்லறைக் கவிதைகள் பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைக்கின்றன. தமிழகத் துறைமுகங்களில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது; பாண்டிய நாட்டில் நடந்த குதிரை வணிகத்தை மார்கோ போலோ எழுதினார். குதிரை வந்தது, நாய் போனது. ஆனால் டாரோனுக்கு வம்சாவளிச் சான்று கிடையாது. பன்றிமுன் நின்றதே அதற்குச் சான்று.

வம்சாவளியைப் புத்தகத்தில் எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது. லண்டன் கென்னல் கிளப் 1873இலும், அமெரிக்கக் கிளப் 1884இலும் தோன்றின. பல நாட்டுக் கிளப்புகளை இணைக்கும் எஃப்சிஐ 1911இல் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகளால் உருவாகி, இப்போது பெல்ஜியத்தின் துவின் நகரிலிருந்து இயங்குகிறது. இந்தியாவில் இந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேசிஐ, அதாவது இந்தியக் கென்னல் கிளப். நாய் விற்போர் ‘பேப்பர் இருக்கு’ என்று சொன்னால் பெரும்பாலும் கேசிஐ சான்றிதழைத்தான் குறிக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் குட்டிக்கு இரண்டு அடுக்குக் காகிதம் உண்டு. விற்பவரின் நாட்டுக் கிளப் தரும் ஏற்றுமதி வம்சாவளிச் சான்று ஒன்று. அதில் தாய், தந்தை, பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி வரை பதிவெண்ணோடு இருக்கும். அதைக் காட்டித்தான் வாங்குபவர் தன் நாட்டுக் கிளப்பில் குட்டியைத் தன் பெயரில் மறுபதிவு செய்துகொள்கிறார். கண்காட்சிக்கும், பின்னாளில் குட்டி விற்பதற்கும் இந்தப் பதிவு வேண்டும். இன்னோர் அடுக்கு அரசின் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்று. முதலாவது நாய் யார் பிள்ளை என்று சொல்கிறது. அடுத்தது அது நோயற்றதா என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே நாயின்மீது ஒட்டவைப்பது மைக்ரோசிப். அரிசிமணி அளவுள்ள அதன் 15 இலக்க எண்ணில் முதல் 3 இலக்கங்கள் நாட்டையோ தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். சிப் வைத்த பிறகே ரேபிஸ் ஊசி போட வேண்டும் என்று பல நாடுகள் கறாராக இருக்கின்றன. சிப்புக்கு முன் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாதே.

இனத்தின் பெயரும் சில சமயம் எல்லையில் மாறிப்போகும். முதல் உலகப்போருக்குப் பின் ‘ஜெர்மன்’ என்ற சொல்லே பிரிட்டிஷாருக்குக் கசந்தபோது, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ‘அல்சேஷன்’ என்று பெயர் சூட்டினார்கள். லண்டன் கிளப் 1977இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் அது இன்றும் பலருக்கு அல்சேஷன்தான். நாயைக் காட்டிலும் பெயர் நீண்ட நாள் வாழ்கிறது.

காகிதம் காவலுக்கு வந்ததும் காகிதத்தைப் பொய்யாக்கும் தொழிலும் வந்தது. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சில ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், மலிவாகக் குட்டி ஈனவைக்கும் பண்ணைகளுக்கும் விலை கொடுக்கத் தயாரான மேற்கு நகரங்களுக்கும் இடையே சாலை திறந்துகொண்டது. 8 வாரக் குட்டியின் கடவுப்புத்தகத்தில் 15 வாரம் ஆனதாகக் காட்டும் பிறந்த தேதி எழுதப்படும். கையெழுத்திட ஒரு மருத்துவர் கிடைத்துவிட்டால் போதும். வணிகம் அல்லாத பயணத்தில் ஒருவர் 5 பிராணிகள்வரை கொண்டுபோகலாம் என்பது விடுமுறைக்குப் போகும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி. விற்கவோ கைமாற்றவோ கொண்டுபோனால் அது வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் வண்டியில் இருக்கும் 5 குட்டிகளும் ‘என் வீட்டுச் செல்லங்கள்’ என்று ஓட்டுநர் சொன்னால் சோதனைச் சாவடியில் இருப்பவர் குட்டியின் பல்லைப் பார்த்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும். பால்பல் முளைத்த வரிசை பொய் சொல்லாது. ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒவ்வொரு சாவடியிலும் இருப்பதில்லை.

இதன் விலை சில நூறு யூரோக்களோடு முடிவதில்லை. 2004 ஆகஸ்டில் மொராக்கோவிலிருந்து ஸ்பெயின் வழியாகக் காரில் பிரான்சின் போர்தோ பகுதிக்கு வந்த ஒரு குட்டிக்கு ரேபிஸ் இருந்தது தெரியவந்தது. அது போன இடங்களில் அதைக் கொஞ்சியவர்களையெல்லாம் தேடிப்பிடித்துச் சிகிச்சை தர வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து சிகாகோவுக்கு விமானத்தில் வந்த ஒரு கூட்டத்தில் ஒரு நாய்க்கு ரேபிஸ். அடுத்த மாதமே, ரேபிஸ் மிகுந்த நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை அந்நாடு நிறுத்தியது. 6 மாத விதி அந்தத் தடையின் தொடர்ச்சி. இங்கிலாந்து வேறொரு பக்கத்திலிருந்து பிடித்தது. 2020 ஏப்ரல் 6 முதல் 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக்கூடாது. வளர்த்தவரே, தாயையும் காட்டி விற்க வேண்டும். குட்டியைத் தாயோடு பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட மேல் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது. நல்ல விதி, ஆனால் தாய் வேறொரு நாட்டில் இருக்கும் குட்டிக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது சிக்கல்தான்.

இந்தியா பிடித்த வழி வேறு. இங்கே கேள்வி வயதைச் சுற்றி அல்ல, யார் கொண்டுவருகிறார் என்பதைச் சுற்றி எழுந்தது. கால்நடை இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் மூலச்சட்டம் 1898இல் வந்தது. நாய்கள் குறிப்பிட்ட சில விமான நிலையங்கள் வழியாக மட்டுமே வரலாம்: தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்றவை. ஒவ்வொன்றையும் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் ஒன்று கவனிக்கிறது. தில்லிக்கானது விமான நிலையத்தை ஒட்டிய கபஷேராவில் இருக்கிறது. அந்தந்த நிலையத்திலிருந்து முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்காமல் நாயை விமானத்தில் ஏற்றினால் தொல்லைதான். 2013இல் சுங்கத்துறை, வெளிநாட்டில் 2 ஆண்டு வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புவோர் 2 செல்லப்பிராணிகள்வரை கொண்டுவரலாம் என்று வரையறுத்தது. 2016 ஏப்ரல் 25 அன்று வெளிவந்த வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் அறிவிக்கை இன்னும் இறுக்கியது. இறக்குமதி செய்பவரின் பெயரிலேயே ஆவணங்கள் உள்ள செல்ல நாய், ஆராய்ச்சி நிறுவனம் வாங்கும் நாய், ராணுவமும் காவல்துறையும் வாங்கும் நாய் ஆகிய மூன்று வகைக்குத்தான் அதில் இடம். இனப்பெருக்கத்துக்காகவும் விற்பனைக்காகவும் குட்டி வரவழைப்பது அதன்படி கூடாது என்றானது.

இதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, குளிர்நாட்டு நாய்கள் இங்கே படும் பாடு. சைபீரியாவின் பனியில் வண்டி இழுக்க வளர்த்தெடுத்த ஹஸ்கி, தில்லியின் மே மாத வெயிலில் குளிரூட்டி அறையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூஞ்சி சப்பையான பக் நாய்க்கு 2003இல் வந்த ஹட்ச் கைப்பேசி விளம்பரம் பெரிய மவுசைக் கொடுத்தது. அந்தச் சின்ன மூக்கு வழியே கொஞ்சம் ஓடினாலே மூச்சுத் திணறும் என்று விளம்பரம் சொல்லவில்லை. விமானப் பயணத்திலும் இந்தச் சப்பை மூக்கினங்கள்தான் அதிகம் சாகின்றன. 2005 மே முதல் ஐந்தாண்டுகளில் அமெரிக்க விமானங்களில் இறந்த 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி சப்பை மூக்கு உள்ளவை. அவற்றில் புல்டாக் மட்டும் 25. தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களை மாநிலத்தில் இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது.

‘ஆபத்தான’ இனங்கள் என்ற பெயரில் வந்த இன்னொரு தடை இவ்வளவு தெளிவாக இல்லை. 2024 மார்ச் 12 தேதியிட்ட மத்திய அரசின் கடிதம் பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ போன்ற 23 வகைகளின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை மூன்றையும் தடுக்கச் சொன்னது. பட்டியலில் ‘டெரியர்கள்’, ‘மாஸ்டிஃப்கள்’ என்று பொத்தாம்பொதுவாகவும் சொற்கள் இருந்தன. முழங்கால் உயரங்கூட இல்லாத டெரியர்கள் பல உண்டு என்பது எழுதியவருக்கு நினைவு வரவில்லை போலும். கர்நாடக உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரல் 10 அன்று அதை ரத்து செய்தது.

இறக்குமதிக் கதவு இப்படி ஒருக்களித்து நிற்பதால் ஒரு விநோதம் நேர்ந்தது: ‘இம்போர்ட்’ என்ற சொல்லுக்கே விலை ஏறிவிட்டது. இங்கே பிறந்த குட்டி, வெளிநாட்டிலிருந்து வந்த நாயின் பேரன் என்றால் ‘இம்போர்ட் லைன்’. பாட்டன் எங்கோ ஒரு கண்காட்சியில் பரிசு வாங்கியிருந்தால் ‘சாம்பியன் லைன்’. 2016 அறிவிக்கைப்படி வணிகத்துக்கு வர முடியாத நாய், குடிபெயர்ந்து வரும் ஒருவரின் சொந்த நாயாக வரலாம். வந்த பிறகு ஈனாமல் இருக்குமா என்று யார் பார்ப்பது? நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகள் ஓரளவு இதைக் கட்டப் பார்க்கின்றன. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகுமுன் ஜோடி சேர்க்கக்கூடாது. வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. விதி நல்லதுதான். மொட்டைமாடியில் இரண்டு கூண்டு வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பவரை அது எட்டுவது அரிது.

எட்டாத இடத்தில் முழு மோசடியும் குடியிருக்கிறது. இல்லாத குட்டியின் படத்தை இணையத்தில் போட்டு, முதலில் அட்வான்ஸ், பிறகு கூண்டுக் காசு, பிறகு காப்பீடு, பிறகு ‘விமான நிலையத்தில் குவாரண்டைன் கட்டணம், நாளைக்குத் திரும்பக் கிடைத்துவிடும்’ என்று கறந்துகொண்டே போவது உலகெங்கும் ஒரே வாய்ப்பாடு. ஒவ்வொரு கட்டணமும் உண்மையாகவே உள்ள ஒரு நடைமுறையின் பெயரைத் தாங்கி வருவதால்தான் ஏமாறுகிறார்கள். விதிகள் தெரிந்தவரிடம் இந்த வித்தை பலிக்காது. வெளிநாட்டிலிருந்து விலைக்கு வரும் 8 வாரக் குட்டி, நேரே வீட்டு வாசலில் டெலிவரி என்று ஒருவர் சொன்ன நொடியிலேயே அது பொய் என்று தெரிந்துவிடும்.

தில்லியில் இந்த நாய்கள் வந்து சேரும் வீடுகளும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கைகளும் வேறு வேறு. ஜங்புரா, நிஜாமுதீன், டிஃபென்ஸ் காலனி வட்டாரத்தில் நாயைக் காலையும் மாலையும் வாரில் பிடித்து நடத்துவதும், குளிப்பாட்டுவதும், வேளைக்குத் தீனி வைப்பதும் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர் பொறுப்பு. பாராபுல்லா வாய்க்கால் கரையில் அரை நூற்றாண்டு இருந்த மதராசி கேம்ப்பின் தமிழர்களில் பலர் சுற்றுவட்டாரத்து வீடுகளில் இப்படி வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். 2025 ஜூன் 1 அன்று, தில்லி உயர்நீதிமன்ற ஆணைப்படி, வாய்க்காலில் வெள்ளம் தடையின்றி ஓட வேண்டும் என்ற காரணத்தால் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் வீடு ஒதுக்கத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. எந்தத் தேதிக்கு முன்பிருந்து இங்கே இருக்கிறார்கள் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. காகிதம் காட்ட வேண்டிய கட்டாயம் நாய்க்குட்டிக்கு மட்டும் வருவதில்லை.

குட்டியின் பிறந்த தேதியைத் திருத்தியவர், ஊசி போடாமலே போட்டதாக முத்திரை குத்தியவர், இவர்கள் செய்ததன் பலன் முதலில் விழுவது வாரைப் பிடித்த கையில். கடித்தால் அன்றே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஊசியை வேளை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ‘வெளிநாட்டு நாய், எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்று வீட்டுக்காரர் சொன்னாலும், மருத்துவர் கேட்பது ஊசிப் புத்தகத்தைத்தான். அதனால் நாயைப் பராமரிப்பவர் கையிலும் அந்தப் புத்தகத்தின் நகல் ஒன்று இருப்பது நல்லது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்.

அந்த எண்ணே இந்திய நாய் வெளியே போகும் வழியையும் அடைக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற தமிழ்நாட்டு இனங்களுக்கு இப்போது பெயர் கூடியிருக்கிறது. 2005 ஜனவரி 9 அன்று வந்த நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு. தமிழக அரசு 1980களின் தொடக்கத்திலேயே சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென ஓர் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூலே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இந்தப் பெயர்கள் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர் ஊரிலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை எடுத்துப்போக நினைத்தால் கணக்கு இது. 12 வாரத்தில் சிப்பும் ரேபிஸ் ஊசியும். அதிலிருந்து 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு அளவு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. எல்லாம் ஒரே மூச்சில் கூடிவந்தாலும் விமானம் ஏறும்போது அது ஏறத்தாழ 7 மாத நாய். கால் நீண்டு, வயிறு ஒட்டி, முயலைக் கண்டால் வாரை இழுக்கத் தொடங்கியிருக்கும்.

அந்த நாயோடு போக வேண்டிய இன்னொரு விவரம் எந்த அரசுப் படிவத்திலும் இல்லை. ராஜபாளையத்தின் தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு ஒட்டிக்கொண்டு வரும். குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும், காது கேட்கிறதா என்று ஒவ்வொரு ஈற்றிலும் குறித்து வைப்பதும், அந்தக் குறிப்பை வம்சாவளித் தாளோடு சேர்ப்பதும் வளர்ப்பவர் செய்ய வேண்டியது. ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்கள் இடுப்பு மூட்டின் எக்ஸ்ரேயைப் பதிவேட்டோடு கோத்து வைப்பது இதற்கு முன்மாதிரி. கன்னி நாய்க்குட்டியைப் பழைய நாளில் விற்கமாட்டார்கள், மணப்பெண்ணோடு சீராகக் கொடுத்தனுப்புவார்கள், அதனால்தான் கன்னி என்ற பெயர் என்று தென்மாவட்டங்களில் சொல்வார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்த காலத்தில் குட்டியின் தாயை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாளில் எழுதும் தேவை வரவில்லை.